உடனடியாகவும் நிரந்தரமாகவும்

ஏனுங்க அம்மிணி, 17ஜி இங்க நிக்குமான்னுதானுங்களே கேட்டீங்க? நிக்குமுங்க. நிக்கோணும். நிக்காம எங்க போயிரும்? தலைக்கு மேல பாருங்க, போர்டு. "பேருந்து நிறுத்தம்." மஞ்சப் பெயின்ட்டுல கறுப்பு எழுத்து. ஒரு எழுத்துப் பிழை கிடையாது, நானே பக்கத்துல நின்னு எழுத வெச்சது. இந்தக் கம்பத்துக்குக் கீழ நிக்கறவங்களைப் பஸ் ஏத்தாமப் போனா கேள்வி கேக்கலாமுங்க. தைரியமா நில்லுங்க.

எதுக்கு அக்கட்டால பாக்கறீங்க? பேக்கரிகிட்டயா? ஆமா, அங்க பத்திருபது பொம்பளைங்க நிக்கறாங்கதான். நின்னா? அது நிறுத்தம் இல்லீங்க. அது பேக்கரி. டீ குடிக்க நிக்கலாம், பஸ்ஸுக்கு நிக்கக் கூடாது. அந்தப் பச்சைச் சேலை, கையில சோத்துத் தூக்குப்போசி வெச்சுட்டு, இந்தப் பக்கமே திரும்பாம நிக்குது பாருங்க, அது என்ற சம்சாரம். கருணாம்பிகை. அட, மெய்யாலுமே என்ற சம்சாரம்தானுங்க. அவ அங்க நிக்கறா, நான் இங்க நிக்கறேன். நடுவுல நாப்பது தப்படி. பஸ் வர இன்னும் நேரம் கிடக்குது, சொல்றேன் கேளுங்க.

நீங்க இந்த ஊத்துத்தோட்டம் காலனிக்குப் புதுசு போல. அதனாலதான் என்னையத் தெரியலை. நான் சென்னியப்பன். ஊத்துத்தோட்டம் பேருந்துப் பயணிகள் நலச் சங்கத்துக்கு நிறுவனர், தலைவர் ரெண்டும் நான்தான். அதுக்கு முன்னால முப்பத்தாறு வருசம் பத்திரம் எழுதினவன். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிர்த்தாப்புல முதல் மேசை என்றது. கிரயம், பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட், எது வேணாலும் நான் எழுதினா ஒருத்தன் கோர்ட்டுக்குப் போக முடியாதுங்க. ஏன்னு கேளுங்க. நான் புள்ளி வெக்க மாட்டேன். கமா போட மாட்டேன். பத்திரத்துல ஆரம்பிச்ச வாக்கியம் கையெழுத்துலதான் போய் முடியோணும். நடுவுல புள்ளி வெச்சீங்கன்னா அந்தச் சந்துல எவனாவது ஒரு வரியைச் சொருகிருவான். அப்பறம் உங்க கிணறு அவனுதாயிரும். எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவர் சொன்னது, இன்னிக்கு வரைக்கும் மீறுனது இல்லை.

பஸ்ஸுக்கு வருவோம். அதாவது, பஸ் வர்றதுக்கு முன்னால பஸ்ஸோட கதைக்கு வருவோம்.

இந்த 17ஜி நம்ம காலனிக்குள்ள வளைஞ்சுதான் டவுனுக்குப் போகுது. ஆனா முந்தி இங்க நிறுத்தம்னு ஒண்ணு கிடையாதுங்க. டிரைவருக்கு மனசிருந்தா நிக்கும், இல்லீன்னா பறந்துரும். என்ற சம்சாரம் டவுனுக்குப் போற வழியில ஒரு நைட்டி கம்பெனிக்கு வேலைக்குப் போறா. சும்மா, பொழுது போகோணுமேன்னுட்டுப் போறா. அப்படித்தான் நான் நினைச்சுட்டிருந்தேன். செக்கிங் மேசைக்கு அவதான் பெரியாள். எட்டுப் பொண்ணுங்க தெச்சுக் குடுக்கறதை இவ பாத்து, தையல் கோணலா இருந்தா பிரிக்கச் சொல்லுவா. இவ சரின்னாத்தான் நைட்டி டப்பாவுக்குள்ள போகும்.

போன ஆனியில ஒரு நா, முழுசா நனைஞ்சுட்டு வந்து நின்னா. பஸ் நிக்காமப் போயிருச்சாமா, அடுத்ததுக்கு முக்கா மணி நேரம் மழையில நின்னிருக்கா. தலையத் துவட்டிட்டே சொன்னா, "ஏனுங்க, ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தீங்களே, இந்தப் பஸ்ஸை நம்ம வளைவுல நிப்பாட்டச் சொல்லி ஒரு காயிதம் எழுதிக் குடுங்களேன். ரெண்டு வரி போதும்."

ரெண்டு வரி! கேளுங்க அம்மிணி இந்த அநியாயத்தை. முப்பத்தாறு வருசத்துல நான் ரெண்டு வரியில ஆடு வித்த ரசீதுகூட எழுதுனது இல்லை. அதுவும் "நிப்பாட்டு"ன்னு எழுதறதா? அது வாயில பேசற சொல்லுங்க, காயிதத்துல ஏறற சொல்லா? ஒரு தனியாள் எழுதுனா குப்பைக் கூடைக்குப் போகும், சங்கமா எழுதுனா கோப்புக்குப் போகும். அன்னிக்கு சாயங்காலமே சங்கம் ஆரம்பிச்சுப்போட்டேன். நான் தலைவர். அந்தா, அந்தப் பேக்கரி மயில்சாமி செயலாளர். ஜெராக்ஸ் கடைக்காரர் துணைத் தலைவர். மூணு பேருமே பொறுப்பான ஆளுங்க.

பஸ்ல போறவங்களான்னு கேக்கறீங்களா? மயில்சாமிகிட்ட புல்லட் இருக்குது. ஜெராக்ஸ்காரருக்கு வீடே கடைக்கு மேலதான். என்கிட்ட டிவிஎஸ் ஃபிப்டி, தொண்ணூத்தி ரெண்டுல எடுத்தது, இன்னிக்கும் ஒரே மிதில பத்திக்கும். அதுக்கென்னங்க? டாக்டருக்குக் காய்ச்சல் வந்தாத்தான் வைத்தியம் பாக்கோணுமா?

சங்கம்னா சும்மா இல்லீங்க, முறையா ஆலோசனை கேட்டோம். பேக்கரி வாசல்ல ஒரு அட்டைப்பெட்டி வெச்சோம், மேல ஓட்டை போட்டு. பயணிகள் எழுதிப் போட்டாங்க. ஒருத்தர், "ரெண்டு பஸ்சு ஜோடி சேந்துட்டு வருது, அப்பறம் ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணையும் காணோம், ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விட்டு அனுப்புங்க"ன்னு. ஒரு அம்மா, "படி எம்பட முழங்காலுக்கு மேல நிக்குது, ஏறறதுக்கே ஒரு ஆள் தூக்கி விடோணும்"னு. காலேஜ் பொண்ணு ஒண்ணு, "நெத்தியில நம்பர் எழுதின போர்டு தூசியில தெரியறதில்லை, பஸ் தாண்டின பொறவுதான் நம்பரே தெரியுது, பின்னால தெரிஞ்சு என்ன பிரயோசனம்"னு. நல்ல கேள்விங்களா இல்லையா? நிழற்குடைன்னு வெக்கறாங்களே, அதுல நிழல் விளம்பரத்துக்கு விழுகுது, வெயில் ஆளுமேல விழுகுதுன்னு ஒருத்தர். எந்த பஸ் எத்தனை மணிக்குன்னு ஒரு பலகையில எழுதி வெச்சா என்னன்னு ஒருத்தர். ஒரு பையன் மட்டும் ஒரு முட்டை பப்ஸ் வேணும்னு எழுதிப் போட்டிருந்தான், அது மயில்சாமிக்குப் போயிருச்சு.

எல்லாத்தையும் சேத்துப் பதினொரு கோரிக்கை. அதையெல்லாம் செம்மைப்படுத்தி, எட்டுப் பக்கத்துல ஒரே வாக்கியமா ஒரு மனு எழுதினேன் பாருங்க. அப்படி ஒரு மனு இந்த ஜில்லாவுல யாரும் எழுதியிருக்க மாட்டாங்க. நிறுத்தம் எங்க வேணும்கறதுக்கு நாலு எல்லை போட்டேன். வடக்கில் பெருமாயி அம்மாள் வீட்டு மதில், தெற்கில் சாக்கடை, கிழக்கில் டிரான்ஸ்பார்மர், மேற்கில் தார்ச்சாலை, இதற்குள்பட்ட இடத்தில்னு. நாளைக்கு எவனும் எல்லையில தகராறு பண்ண முடியாது.

என்ற சம்சாரத்துக்கு முழுசாப் படிச்சுக் காட்டினேன். அரை மணி நேரம். அவ கேட்டுட்டே வெங்காயம் உரிச்சுட்டிருந்தா. முடிஞ்சதும், "இதுல பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லி எங்கைங்க இருக்குது?"ன்னா. ஏழாவது கோரிக்கை, அஞ்சாம் பக்கம்னேன். "டிரான்ஸ்பார்மர்கிட்ட பஸ் ஒதுங்காதுங்களே, அங்க ரோடு வளையுது"ன்னா. பயணி அப்படித்தான் பேசுவா, அவளுக்கு எல்லை தெரியாதுன்னு நான் விட்டுப்போட்டேன்.

அந்த ஏழாவது கோரிக்கைதானுங்க. மனப்பாடமாத் தெரியும், சொல்றேன். "மேற்படி பகுதியில் மேற்படி 17ஜி பேருந்தை உடனடியாகவும் நிரந்தரமாகவும் நிறுத்தம் செய்து உத்தரவிட வேண்டுமாயும்."

எப்படி இருக்குது? உடனடியாகவும், நிரந்தரமாகவும். இன்னிக்கு நின்னுட்டு நாளைக்கு நிக்காமப் போயிறக் கூடாது பாருங்க. பத்திரத்துல "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்"னு போடுவோமே, அந்த மாதிரி ஒரு கெட்டி.

சத்தியமாச் சொல்றேன் அம்மிணி, பத்தே நாள்ல பதில் வந்துருச்சுங்க! சர்க்கார் கடுதாசி பத்து நாள்ல வந்து நீங்க பாத்திருக்கீங்களா? "தங்கள் மனுவில் கோரியுள்ளபடி, ஊத்துத்தோட்டம் பகுதியில் 17ஜி பேருந்து வரும் திங்கள் முதல் உடனடியாகவும் நிரந்தரமாகவும் நிறுத்தம் செய்யப்படுகிறது." என்ற வாசகத்தையே எடுத்துப் போட்டிருந்தான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மத்த பத்துக் கோரிக்கையும் பரிசீலனையில் உள்ளதாமா. போகட்டும், ஏழாவது கிடைச்சுதே.

திங்கக்கிழமை காலையில ஒரு விழாவே வெச்சுப்போட்டோம். இந்த இடத்துலதான். பஸ்ஸுக்கு மாலை, டிரைவருக்குச் சால்வை, கண்டக்டருக்கு ஒரு துண்டு. மயில்சாமி ரெண்டு கிலோ மைசூர்பா போட்டுட்டு வந்தான். நெய் கையில ஒழுகுது. பொம்பளைங்க எல்லாம் வேலைக்குப் போற சேலையிலயே வந்து வரிசையா நின்னாங்க. என்ற சம்சாரம் முதல் ஆளா நின்னா. ஒரு மைசூர்பாவை வாயில போட்டுட்டு என்னையப் பாத்துச் சிரிச்சா. கல்யாணமான புதுசுல சிரிச்ச சிரிப்புங்க அது. நான் பேச ஆரம்பிச்சேன். பஸ் வர்ற வரைக்கும் பேசலாம்னு. ஏழு மணிக்கு ஆரம்பிச்சவன் ஏழே முக்கால் வரைக்கும் பேசினேன். மைசூர்பா தீந்துருச்சு. மாலை வாடிப்போச்சு.

பஸ் வரலை.

வரவே இல்லீங்க. அன்னிக்கும் வரலை, அடுத்த நாளும் வரலை. மெயின் ரோட்டோட நேராப் போயிருச்சு. ஏன்னா, நான்தான் கேட்டிருக்கேனாமா, பேருந்தை நிறுத்தச் சொல்லி! உடனடியாகவும், நிரந்தரமாகவும்!

புரியுதுங்களா? சிரிக்காதீங்க அம்மிணி. எல்லாரும் இந்த இடத்துலதான் சிரிக்கறாங்க.

நேரா பஸ் டிப்போ ஆபீசுக்குப் போனேன். கோப்புப் பாக்கற ஒரு பொண்ணு, உங்க வயசுதான் இருக்கும், மரியாதையாத்தான் பேசுச்சு. "அய்யா, நீங்க கேட்டதைத்தானே செஞ்சோம்? பஸ் வேணும்னு ஆயிரம் மனு வரும், வேண்டாம்னு வந்தது உங்களது ஒண்ணுதான். அதனால உடனே செஞ்சுட்டோம்"ங்குது! "அம்மிணி, நிறுத்தம்னா நிக்கற இடம்"னு விளக்கினேன். அது சொல்லுது, "வேலை நிறுத்தம்னா வேலை பாக்கற இடமுங்களாய்யா?" எனக்குச் சுருக்குனு வந்துச்சு. "ஸ்டாப்பிங் வேணும்னு எழுதியிருந்தா சின்னப் பிள்ளைக்கும் புரிஞ்சிருக்குமே"ன்னுச்சு. ஏனுங்க, தமிழ்நாட்டுல தமிழ்ல எழுதுனது தப்புங்களா? பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சதுன்னா, பிடிச்சவன் மேலயா குத்தம்? களிமண்ணு மேல குத்தம் இல்லையா?

சரி, நினைவூட்டுக் கடிதம் எழுத உக்காந்தேன். முதல் நினைவூட்டு ஆறு பக்கம், ரெண்டாவது ஒன்பது பக்கம். "நிறுத்தம் என்ற சொல்லின்கண் பொருள் மயக்கம் நேர்ந்தமை குறித்து"ன்னு தலைப்பு. தினமும் காலையில வண்டிய எடுத்துட்டு டிப்போவுக்குப் போயிருவேன். எட்டு மணித் தபால் கட்டுல என்றது சேந்தாகோணும் பாருங்க.

என்ற சம்சாரமுங்களா? அவ நடந்து போனா. இங்கிருந்து மெயின் ரோடு ரெண்டு கிலோமீட்டர், அங்க போய் பஸ் பிடிக்கோணும். சோறாக்கி வெச்சுட்டு ஏழு மணிக்குக் கிளம்புனா, பஸ் ஏற எட்டரை ஆயிரும். மத்த பொம்பளைங்களும் அப்படித்தான். போறப்ப வர்றப்பல்லாம் நம்ம வீட்டு கேட்டை ஒரு பார்வை பாத்துட்டுப் போவாங்க. என்னைய மைசூர்பான்னு கூப்பிடறாங்கன்னு மயில்சாமி சொன்னான். பொறாமை புடிச்சவன், அவனே வெச்ச பேராக்கூட இருக்கும்.

இவளுக்கு முழங்கால் வீங்கிருச்சு. கம்பெனிக்கு நேரத்துக்குப் போக முடியலை. முதலாளி ஒரு வாரம் பாத்தான், ரெண்டு வாரம் பாத்தான். "அக்கா, செக்கிங் மேசைக்கு எட்டரைக்கு ஆள் இருந்தாகோணும், நீங்க வர்றது ஒன்பதே கால்"னு சொல்லி, மூணாவது வாரம் அவளைப் பட்டன் வெக்கற இடத்துக்கு மாத்திப்போட்டான். அஞ்சு வருசமா அவ சரின்னாத்தான் டப்பாவுக்குப் போகும்ங்கற நைட்டிக்கு, இப்ப அவ பட்டன் வெக்க, வேற ஒருத்தி சரி பாக்கறா. "பொழுது போக்குக்குப் போறவளுக்கு எந்த மேசையா இருந்தா என்ன"ன்னு நான் ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன். ஆறுதலுக்குத்தானுங்க. அவ என்னையப் பாத்த பார்வை இருக்குது பாருங்க. அந்தப் பார்வைய நான் எட்டுப் பக்கம் எழுதுனாலும் சொல்லி முடிக்க முடியாது.

அதுக்கடுத்த நாத்தான் அது நடந்துச்சு. டிப்போவுக்குப் போயிட்டிருக்கேன். வழியில இவ நடந்து போறா. நொண்டி நொண்டி, தூக்குப்போசிய இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாத்திட்டுப் போறா. நான் வண்டியில வர்றேன். ஆரன் அடிச்சேன். திரும்பிப் பாத்தா. நின்னா. கையைக்கூட லேசா நீட்டினா. நான் கை காட்டிட்டுப் போயிட்டேன்.

பின்சீட்டுல மனுக் கட்டு இருந்துச்சுங்க! கயித்துல கட்டி வெச்சிருந்தேன், இருநூறு பக்கம், எல்லா இணைப்பும் நகலும். அதை இறக்கினா எங்க வெக்கறது, காத்துல பறந்துருமே? மணி வேற ஏழே முக்கால். அவளுக்காகத்தானே போறேன்? அவ பஸ்ஸுக்காகத்தானே அந்தக் கட்டு? நீங்களே சொல்லுங்க.

ம். நீங்களும் பேக்கரிப் பக்கம் திரும்பிட்டீங்க.

அன்னியில இருந்து அவ பேசறதில்லைங்க. சோறு வெப்பா, ரசம் ஊத்துவா, என்ற மாத்திரையக்கூடத் தட்டுக்குப் பக்கத்துல எடுத்து வெப்பா. வாயத் தொறக்க மாட்டா. இன்னியோட முப்பத்தொரு நாள். முதல்ல நான் நிம்மதின்னுதான் நினைச்சேன், எழுதறதுக்கு நேரம் கிடைக்குமேன்னு. பத்து நாள் ஆன பொறவு வீடே எனக்குப் புடிக்கலீங்க. ஒரு வரி எழுதி அவளுக்குப் படிச்சுக் காட்டோணும்னு இருக்கும், யாருகிட்டப் படிக்கறது? அவ திட்டுனாக்கூடப் பரவால்லைன்னு ஆயிப்போச்சு. வேணும்னே ரசத்துல உப்பில்லைன்னேன். உப்பு டப்பாவ நகத்தி வெச்சுட்டுப் போயிட்டா. அழுகை வந்துருச்சுங்க எனக்கு.

இதுக்கு நடுவுல பஸ் வந்துருச்சு. ஆமாங்க! பஸ் வராமப் போன இருபத்தேழாவது நாள் காலையில கும்முனு வந்து நின்னுச்சு. எல்லாம் என்ற ஒன்பதாவது நினைவூட்டுதான். அதுக்கு ரெண்டு நா முன்னாலதான் அனுப்பினேன்.

அந்த வாரத்துலயே இவளும் இன்னும் பதினெட்டுப் பொம்பளைங்களும் ஒருநா வேலைக்கு லீவு போட்டுட்டு டிப்போவுக்குப் போனாங்களாமா. மயில்சாமி சொன்னான். காலையில அஞ்சரைக்கே போய், பஸ் வெளிய வர்ற கேட்டு முன்னால தூக்குப்போசிய வரிசையா வெச்சுட்டு உக்காந்தாங்களாமா. மேனேஜர் ஓடி வந்து, "என்னம்மா வேணும், மனு ஏதாச்சும் இருக்குதா?"ன்னு கேட்டிருக்காரு. என்ற சம்சாரம், "மனு எல்லாம் எங்க ஊட்டுக்காரர் குடுத்துட்டாருங்க. பஸ்ஸு வரோணும். வந்தா நிப்பாட்டோணும். அவ்வளவுதானுங்க"ன்னாளாமா. அவரு, "இதுக்குத்தானா?"ன்னு கேட்டு, அடுத்த நா பஸ்ஸை அனுப்பிட்டாருங்கறான். அனுப்புனாரு, சரி. ஆனா கோப்புல என்ற ஒன்பதாவது நினைவூட்டு இருந்ததாலதானே அனுப்ப முடிஞ்சுது? ஆதாரம் இல்லாம ஒரு அதிகாரி பஸ்ஸை அனுப்புவாரா?

அதுக்கப்பறம் இந்தக் கம்பமும் வந்துச்சு, நான் போட்ட நாலு எல்லைக்குள்ள, அளந்து வெச்ச மாதிரி. ஆனா பாருங்க, இந்தப் பொம்பளைங்களுக்குச் சட்டத்து மேல ஒரு மரியாதை இல்லை. பேக்கரிகிட்டதான் போய் நிக்கறாங்க. அங்க ரோடு அகலமாம், கூரை நிழல் இருக்குதாம், திட்டு மேல நின்னா பஸ் படிக்கு முழங்கால் எட்டுதாம். எல்லாம் நம்ம அட்டைப்பெட்டியில வந்த ஆலோசனைதானுங்க, நான் இல்லைங்கலை. ஆனா எல்லை எங்க இருக்குது அதுல?

இன்னிக்கு நான் எதுக்கு இங்க நிக்கறேன்னு கேக்கறீங்களா? நல்ல கேள்வி. வண்டி வீட்டுலதான் நிக்குது. போன ஞாயித்துக்கிழமை என்ற மேசை மேல ஒரு மனு இருந்துச்சுங்க. என்ற வெள்ளைத் தாள்லயே எழுதியிருந்துச்சு. இந்தாங்க, சட்டைப் பையில வெச்சிருக்கேன், படிங்க.

"பெறுநர், தலைவர் அவர்கள். ஐயா. நான் பஸ்ஸில் போகிறேன். நீங்கள் போனதில்லை. ஒரு நாள் வாருங்கள். இப்படிக்கு, பயணி."

அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவ. எத்தனை புள்ளி பாருங்க. மார்கழிக் கோலத்துக்கு வெக்கற மாதிரி, குண்டு குண்டா. நானும் எங்கயாச்சும் சந்து இருக்குதான்னு தேடிப் பாத்தேன் அம்மிணி. முப்பத்தாறு வருச அனுபவம். ஒரு வரி சொருக இடமில்லைங்க அதுல. "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது"ன்னு எழுதி அஞ்சறைப் பெட்டி மேல வெச்சேன். ஒரு தமாசுக்கு. அவ அதை மடிச்சு, ஆடற கிரைண்டர் காலுக்கு அடியில குடுத்துட்டா. நேத்து வரைக்கும் யோசிச்சேன். இன்னிக்குக் காலையில குளிச்சு, வேட்டி கட்டிட்டு, அவ பின்னாலயே வந்துட்டேன். அவ பேக்கரிக்குப் போனா. நான் முறையா இங்க வந்து நின்னுட்டேன். தலைவரே நிறுத்தத்துல நிக்காட்டி எப்படிங்க?

என்னது? சத்தம் கேக்குதா? ஆமா, வளைவுல ஆரன். வருது வருது. நம்பர் தெரியுதா உங்களுக்கு? தூசி. அந்தக் காலேஜ் பொண்ணு சொன்னது நெசந்தான். 17ஜிதான். கையை நீட்டுங்க அம்மிணி, நானும் நீட்டறேன். பயப்படாதீங்க, போர்டு இருக்குது நமக்கு. நிப்பான் பாருங்க. வேகம் குறையுது பாருங்க. குறைய... குறையலையே. ஏனப்பா! ஏ டிரைவர் தம்பி! இங்க! நிறுத்தம்! நிறுத்தம் இங்கப்பா!

போயிட்டான்.

பேக்கரிகிட்டப் போய் நிக்கறான். டிரான்ஸ்பார்மர்கிட்ட ஒதுங்காதுன்னு அவ அன்னிக்கே சொன்னா.

நீங்க ஓடுங்க அம்மிணி, வேலைக்குப் போறவங்க. என்னையப் பாக்காதீங்க, நான் எங்க ஓடறது, அறுபத்தெட்டு வயசுல வேட்டியப் புடிச்சுட்டு. எல்லாரும் ஏறிட்டாங்க. அவளும் ஏறிட்டா. இன்னிக்கும் பேச்சு இல்லைன்னு ஆயிப்போச்சு. அவ்வளவுதான். நாளைக்கு முப்பத்திரண்டு.

இல்லை, இருங்க. பஸ் ஏன் இன்னும் எடுக்கலை? கண்டக்டர் விசில் அடிக்கறானே. அங்க பாருங்க, பச்சைச் சேலை. ஒத்தக் காலு படியில, ஒத்தக் காலு திட்டுல, கம்பியப் புடிச்சுட்டு நிக்கறா. ஏறவும் மாட்டேங்கறா, இறங்கவும் மாட்டேங்கறா. கண்டக்டர் கத்தறான், அவ அவனுக்கு நேராக் கையைக் காட்டறா, பொறுங்கற மாதிரி. இந்தப் பக்கம் திரும்பிட்டா அம்மிணி. என்னமோ சொல்றா. எனக்குக் காது கொஞ்சம் மந்தம், உங்களுக்குக் கேட்டுச்சா? என்ன சொன்னா? சும்மா சொல்லுங்க, திட்டுனாலும் பரவால்லை.

"நிறுத்தத்துல நின்னது போதும், வந்து தொலைங்க"ன்னாளா?

அப்படியா சொன்னா? வந்து தொலைங்கன்னா? அம்மிணி, அது பேச்சுத்தானுங்களே? பேசிட்டாளுங்களே!

புடிங்க, இந்தச் செருப்பைக் கொஞ்சம் புடிங்க, வேட்டியில தட்டுது. ஓடுங்க, நானும் வர்றேன். கருணா! ஏ கருணா! வந்துட்டேன்! நிப்பாட்டு, பஸ்ஸை நிப்பாட்டு, வந்துட்டேன்!